சுவரா, சிலையா, நாடகமா, மண்ணா? ஒரு கண்மாய்க்கு ஒரு லட்சம்

எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் நாட்டுக் கருவேல மரங்கள் நிற்கின்றன. ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறினால் மரங்களின் கால் முங்கிவிடும். அப்புறம் நத்தைக்குத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் வந்து கூடு கட்டும். பங்குனி வரை ஒரே இரைச்சல். எச்சத்தின் வாடையும் உண்டு, அதை மறைப்பானேன். அந்த எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் பயிர் கறுத்து வளரும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். வேடந்தாங்கல் பக்கம் விவசாயிகள் காலங்காலமாகச் சொல்வதும் இதைத்தான்.

தொல்லைகள் மூன்று. கோழிக்கடைக் கழிவை மூட்டையாகக் கட்டி, உபரித் தண்ணீர் வழிகிற கலுங்குப் பக்கம் போட்டுவிட்டுப் போகிறவர்கள். கூட்டுக்குக் கீழே வெடி போட்டு வேடிக்கை பார்க்கிற பையன்கள். அப்புறம், மரங்கள் ஏலத்துக்கு வரப்போகின்றன என்று வருடா வருடம் கிளம்பும் பேச்சு.

இதற்கு ஏதாவது செய்வோம் என்று ஆறேழு பேர் உட்கார்ந்தோம். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பியதையும் சேர்த்து ஒரு லட்சம் தேறியது. வேலி போடலாம் என்றார் ஒருவர். வேலியைப் பிடுங்கி எடைக்குப் போட்டுவிடுவார்கள் என்றார் அடுத்தவர். எச்சரிக்கைப் பலகை ஏற்கெனவே இருக்கிறது, அதில் ஆடு கட்டுகிறார்கள். கடைசியில் ஒரு தம்பி, “ஊரே பார்க்கிற மாதிரி கலையா ஏதாவது செய்யலாமே” என்றான். நாலு மாதம் அதே பேச்சுதான். விசாரித்தோம், சில இடங்களுக்கு நேரில் போனோம், படித்தோம், சண்டையும் போட்டோம். இதே யோசனையில் இருக்கிற வேறு ஊர்க்காரர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஒவ்வொரு யோசனை வந்தபோதும் நான் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி: இதைச் செய்து முடித்த மறுநாள், ஊர்க்காரனுக்கு இதில் என்ன வேலை இருக்கிறது?

சுவர்

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது சுவர்தான். ஒரு வாரத்தில் முடிந்துவிடும், தூரத்திலிருந்தே தெரியும், படம் எடுத்து அனுப்பலாம். வெளியே நல்ல உதாரணங்களும் இருக்கின்றன. நியூயார்க்கின் ஹார்லம் பக்கம் 2014-ல் ஆடுபன் சுவரோவியத் திட்டம் தொடங்கியது. பருவநிலை மாற்றத்தால் இருப்பிடம் இழக்கும் பறவைகளை அங்கே வரைகிறார்கள். பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த பகுதி அது. தொடக்கத்தில் பல படங்களைக் கடைகளின் இரும்பு ஷட்டரில்தான் வரைந்தார்கள். கடை திறந்திருக்கும்வரை பறவை மேலே சுருண்டு கிடக்கும். கடையைச் சாத்தினால்தான் தெருவுக்குத் தெரியும். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. இல்லாமல் போகப்போகிற ஒன்றை இப்படி அவ்வப்போது காட்டுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

நம் பக்கம் என்றால் சென்னை கண்ணகி நகர். 2020-ல் ஸ்டார்ட் இந்தியா (St+art India) என்ற தெருக்கலை அமைப்பு அங்கே குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களைத் தீட்டியது. முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குவார்கள் என்று அங்கிருப்பவர்கள் குறைப்பட்டுக்கொண்ட பகுதி அது. ஓவியம் வந்த பிறகு வெளியாட்கள் பார்க்க வந்தார்கள். வெளியே இருப்பவர்களின் கண்ணில் ஓர் இடத்தின் பெயரை மாற்ற வேண்டும் என்றால் சுவரை மிஞ்ச ஒன்றுமில்லை. எங்கள் சிக்கல் வேறு. எங்கள் கண்மாயை யாரும் வந்து பார்க்க வேண்டாம். ஊர்க்காரன் பார்த்தால் போதும்.

பக்கத்து ஊர் ஒன்றில் இயற்கையைப் பற்றி வரைந்த சுவரைப் போய்ப் பார்த்தோம். வரைந்தவர் நல்ல கைகாரர், குறை சொல்ல முடியாது. ஆனால் கைப்பேசியில் கிடைத்த படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். நீர்நிலைப் பறவை என்று பூநாரை இளஞ்சிவப்பில் நின்றது. பக்கத்தில் பனிக்கரடி, மேலே பூமியைத் தாங்கும் இரண்டு கைகள். அந்த ஊர்க் குளத்துக்கு வருகிற ஒரு பறவைகூட அதில் இல்லை. நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது ஒரு சிறுமி தன் அப்பத்தாவிடம், “இந்தக் கொக்கு ஏன் நம்ம குளத்துக்கு வரவே மாட்டேங்குது?” என்று கேட்டாள். அப்பத்தா, “அது பெரிய எடத்துக் கொக்குத்தா” என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனார்.

பெயின்ட் விஷயத்தில் ஒரு வார்த்தை. டிஸ்டெம்பர் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் கரைந்துவிடும். எக்ஸ்டீரியர் எமல்ஷன் என்றாலும் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, ப்ரைமர் போட்டு, ஓதம் ஏறாத சுவராகப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். மேற்கு வெயில் படுகிற சுவரில் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும்; காவியும் செம்மண் நிறமும் நின்று பிடிக்கும். தேர்தல் வந்தால் சுவருக்கு முன்பதிவு என்று ஒன்று இருக்கிறது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் என்ன வேலை? சுவருக்கு ஒன்றுமில்லை. பத்து நாளில் கண் பழகிவிடும். ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் சுவர் லாயக்கு என்று எனக்குத் தோன்றுகிறது: பேர் சொல்லிக்கொடுக்க. பேருந்து நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக நிற்கும் பிள்ளைக்கு இருபது நிமிடம் பார்க்க வேறொன்றும் இல்லை. அங்கே நத்தைக்குத்தி, பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், கூழைக்கடா என்று பறவையை நிஜ அளவில் வரைந்து, கீழே நம் வட்டாரப் பெயரை எழுதினால் அது ஒரு பாடம்.

சிலை

இதில்தான் எனக்குப் பெரிய ஆசை இருந்தது. காரணம் கூடலூர் யானைகள்.

நீலகிரிக் காடுகளில் உண்ணிச்செடி என்று ஒரு புதர் மண்டிக் கிடக்கிறது. அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. வெள்ளைக்காரர் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்து வைத்தது, இன்று இந்தியாவின் புலிக் காடுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பரவிவிட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அது மண்டிய இடத்தில் புல் முளைக்காது. மேயும் விலங்குகளுக்குத் தீனி இல்லை. அந்தத் தண்டை வெட்டி, வேகவைத்து, பட்டையை உரித்தால் மூங்கில் பிளாச்சு போல வளையும். பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் சமூகத்தினர் அதைக் கம்பிச் சட்டத்தின்மேல் வரிவரியாக வளைத்து, நிஜ யானை அளவில் யானை செய்கிறார்கள். ஏதோ ஒரு யானை அல்ல. அந்தப் பக்கம் நடமாடும், அங்கிருப்பவர்கள் அடையாளம் தெரிந்து வைத்திருக்கும் யானைகளின் காது, கொம்பு, முதுகு வளைவு பார்த்துச் செய்தவை. 2021-ல் லண்டனில் அரச பூங்காக்களின் புல்வெளியில் இந்த மந்தை நின்றது. 2024-ல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் தொடங்கி, நியூயார்க், மயாமி என்று நூறு யானைகளாக ஊர் ஊராகப் போனது. விற்ற பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ்வதற்கான வேலைகளுக்குப் போகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, யானை லண்டன் போனது அல்ல. செடியை வெட்டுவதே காட்டுக்கு நல்லது, வெட்டினவருக்குக் கூலி, செய்தவருக்குத் தொழில். சிலை அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. பார்க்கிறவன் மனம் மாறினால் லாபம். மாறாவிட்டாலும் கூடலூரில் அத்தனை புதர் குறைந்திருக்கும்.

நமக்கும் ஒரு வந்தேறிச் செடி இருக்கிறதே, சீமைக் கருவேலம், அதில் நாரை செய்தால் என்ன என்று எங்கள் குழுவில் ஒரே உற்சாகம். ஊர் ஆசாரியிடம் போனோம். ஒரு கிளையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது வளையாதுங்க, வெடிக்கும். கரி மூட்டம் போட்டா நல்ல காசு” என்றார். அதோடு போயிற்று. இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. தண்ணீருக்குள் நிற்கும் சீமைக் கருவேலத்திலும் கொக்குகள் கூடு வைக்கின்றன. எதிரியை ஒழிக்கிறேன் என்று எல்லாவற்றையும் வெட்டினால் கூடும் சேர்ந்து போகும். ஓர் ஊரில் பலித்தது என்பதற்காகப் பொருளை மட்டும் மாற்றி நம் ஊரில் செய்ய முடியாது.

பிளாஸ்டிக் மீன் என்று இன்னொன்று பல கடற்கரைகளில் இருக்கிறது. கம்பி வலையில் மீன் வடிவம், அதன் வயிற்றில் காலி பாட்டிலைப் போட வேண்டும். அமெரிக்காவின் ஓரிகான் கடற்கரையில் 2010-ல் தொடங்கிய வாஷ்டு அஷோர் திட்டத்தில் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள். கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக்கைத் தன்னார்வலர்கள் பொறுக்கி, கழுவி, நிறம் பிரித்து, கடல் விலங்குகளாக உருவாக்குகிறார்கள். கழுவவும் பிரிக்கவும் ஆள் இல்லாத இடத்தில் அந்த மீன் வெறும் குப்பைத்தொட்டி. எங்கள் ஊரில் வைத்தால் அதன் வயிற்றுக்குள் என்ன போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். கோழிக்குடல்.

சிமென்ட் நாரை வைக்கலாம் என்று இன்றுவரை ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். கீழே கல்வெட்டு, அதில் நன்கொடையாளர் பெயர். சிலையைவிடக் கல்வெட்டுக்குத்தான் அளவு அதிகம் கேட்டார்.

மணலும் கோலமும்

ஒடிசாவில் கோணார்க் பக்கம் சந்திரபாகா கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1 முதல் 5 வரை மணற்சிற்ப விழா நடக்கிறது. பூரியின் சுதர்சன் பட்நாயக் கடலாமைகளை மணலில் பலமுறை வடித்திருக்கிறார். பார்த்து முடித்ததும் மிச்சம் எதுவும் இல்லை, அது பெரிய வசதி. ஆனால் ஆமை முட்டையிடும் கரையில், முட்டையிடும் மாதங்களில், ராத்திரி விளக்குப் போட்டு இதைச் செய்தால் வம்பு. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நகரும். கடலுக்குப் பதில் ரோட்டுக்கு வந்துவிடும்.

எங்களுக்குக் கடல் இல்லை, கோலம் இருக்கிறது. மார்கழியும் கூடு கட்டும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. காசும் ஆகாது. ஒரு தெருவில் பறவைக் கோலம் போடச் சொல்லிப் பார்த்தோம், நன்றாகவே வந்தது. பரிசு என்று அறிவித்தவுடன் புள்ளிக் கணக்கு, பார்டர், கலர்ப்பொடி என்று போட்டி வேறு பக்கம் போய்விட்டது. மயில் வந்தது, அன்னம் வந்தது. நாரை வரவில்லை.

நாடகம்

எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. புதுக்கோட்டையில் 1991-ல் எழுத்தறிவு கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் வந்தபோது, எழுத்துக்கு முன்னால் வந்தது கலைதான். கலாஜாதா குழுக்கள் ஊர் ஊராகப் பாடி நடித்தன. பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த அலையில்தான். என் அம்மா பழகியது ஒரு ஆண்கள் சைக்கிளில். குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல். அந்த நாடகங்கள் பலித்ததற்கு, நல்ல நாடகம் என்பது மட்டும் காரணமில்லை. நாடகம் பார்த்த ஊரில் அரிக்கேன் விளக்கோடு வகுப்பு நடந்தது, சொல்லிக்கொடுக்க ஒரு தொண்டர் வந்தார். மறுநாளுக்கு வேலை இருந்தது.

அதே நம்பிக்கையில் விழிப்புணர்வு நாடகக் குழு ஒன்றை விசாரித்தோம். ஒரு மணி நேரம், நாலு நடிகர்கள், ஒரு பறை. கேட்ட தொகை நியாயமானதுதான். வருவார்கள், நடிப்பார்கள், வேனில் ஏறிப் போய்விடுவார்கள். அப்புறம்?

யோசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் டீக்கடைக்காரர் ஒரு வழி சொன்னார். எங்கள் ஊர்த் திருவிழாவில் வருடா வருடம் வள்ளி திருமணம் நாடகம் போடுவோம். விடிய விடிய நடக்கும். அதில் பபூன், அதாவது கோமாளி, வந்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். ஊர் விவகாரத்தை அவர் பேச்சில் இழுத்து வைத்து வாருவதற்காகவே ஆட்கள் காத்திருப்பார்கள். “பபூன்கிட்ட ஐநூறு ரூபாயக் குடுத்து, கோழிக்கழிவு மூட்டைக் கதைய எடுத்து விடச் சொல்லுங்க. எவன்னு பேர் சொல்ல வேணாம், ஊருக்கே தெரியும்” என்றார். அதோடு வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிப் பறவை விரட்டுகிற காட்சி வேறு அதில் இருக்கிறது. “எங்க கண்மாய்ப் பறவைய மட்டும் வெரட்டாதே தாயி” என்று பபூன் ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? ஏற்கெனவே ஊர் கூடியிருக்கிற இடம், ஏற்கெனவே ஊர் நம்புகிற வாய். ஒரு லட்சத்தில் ஐநூறு ரூபாய்க்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை. மைக்கும் வேட்டும் கண்மாய்க் கரையில் வேண்டாம், ஊர் மந்தைவெளியில் இருக்கட்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

மண்

சுவரோவியம், சிற்பம் என்றெல்லாம் சுற்றிவிட்டு, பொதுக் கலை என்றால் என்ன என்று நான் புரிந்துகொண்டது எங்கள் அய்யனார் கோயில் பாதையில் நின்றபோதுதான். இரண்டு பக்கமும் மண் குதிரைகள். முன்னால் இருப்பவற்றுக்கு இன்னும் வண்ணம் இருக்கிறது. பின்னால் போகப் போகக் கால் போனவை, தலை போனவை, கடைசியில் வெறும் ஓட்டுக் குவியல். அதற்குப் பின்னால் கோயில்காடு. அந்தக் காட்டில் சுள்ளி பொறுக்கக்கூட யோசிப்பார்கள். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் இப்படி எத்தனையோ காடுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் பெரிய குதிரைக்கு மாசி மகத்தன்று காகித மாலைகள் குவிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு சிலைமேல் ஊருக்கு எவ்வளவு உரிமை இருக்க முடியும் என்று.

இந்த மண் குதிரைகளை எடுத்து வைக்கும் திருவிழாதான் புரவியெடுப்பு; அது நடக்கிற விதத்தைக் கவனியுங்கள். ஊர்ப் பெரியவர்கள் மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் பிடிமண் கொடுக்கிறார்கள், ஒரு கைப்பிடி மண். அதுதான் ஒப்பந்தம். வேளார் கண்மாய்க் களிமண்ணை எடுத்து, பிசைந்து, குதிரை செய்து, சூளையில் சுட்டு, வண்ணம் பூசுகிறார். ஊர் வந்து தோளில் தூக்கிப்போய்க் கோயிலில் வைக்கிறது. பழையதை யாரும் பழுது பார்ப்பதில்லை, அது மண்ணாகப் போகிறது. அடுத்த முறை மறுபடி பிடிமண். என் கேள்விக்குப் பதில் இங்கே கிடைத்துவிட்டது. கெட்டுப்போவதால்தான் அடுத்த முறைக்கு வேலை இருக்கிறது. காலத்துக்கும் நிற்கிற சிமென்ட் சிலையால் இது முடியாது.

அப்படியானால் புரவியோடு ஒரு நாரையையும் சேர்த்து வைத்துவிடலாமே என்றார்கள். நான் எதிர்த்தேன். கோயிலில் யாருக்கு முதல் மரியாதை, யார் எந்தக் கரை, யார் தூக்கலாம், யார் எட்ட நிற்க வேண்டும் என்று ஆயிரம் கணக்கு இருக்கிறது. கண்மாய்த் தண்ணீர் எல்லாத் தெருவுக்கும் பொது, பறவை அதைவிடப் பொது. கோயிலுக்குள் கொண்டுபோனால் கோயிலின் சண்டையும் சேர்ந்து வரும். முறையை எடுத்துக்கொள்வோம், இடத்தை மாற்றுவோம் என்றேன். அந்த ஒரு கூட்டம் மட்டும் ராத்திரி பதினொன்று வரை போனது. கடைசியில் மடைக்குப் பக்கத்தில், எல்லாத் தெருக்காரர்களும் ஆடு மாடு ஓட்டிப் போகிற கரைமேட்டில் என்று முடிவானது.

திட்டம் இதுதான். தை மாதத்தில் பள்ளிப் பிள்ளைகள் கரையில் நின்று கூடுகளை எண்ண வேண்டும். எத்தனை கூடோ அத்தனை மண்பறவை. ஆனி, ஆடியில் கண்மாய் வற்றியதும் வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி வண்டல் எடுப்பது. வீட்டுக்கு ஒருவர் வேளார் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு பறவை பிடிப்பது. சுட்டு எடுத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் கரையில் வரிசையாக வைப்பது. அடுத்த வருடம் கூடு கூடினால் பறவை கூடும்; குறைந்தால் வரிசை குட்டையாகும், ஏன் குட்டை என்று கேட்க வேண்டிவரும். மரத்தை ஏலம் விடப் பேச்சு வந்தாலும், எண்ணி வைத்த கணக்கு கையில் இருக்கும்.

இதிலும் ஓட்டை இருக்கிறது. எங்கள் வேளாருக்கு வயது அறுபத்தெட்டு, மகன் திருப்பூரில். அவருக்குப் பின் யார் சுடுவது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. குடிகாரன் ஒருவன் ஒரே ராத்திரியில் முழு வரிசையையும் உடைக்கலாம். அப்புறம், கலை இல்லாமலே காரியம் நடந்த ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தலைமுறையாக தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. யாரும் சுவர் ஓவியத்தைப் பார்த்து எடுத்த முடிவல்ல அது. வனத்துறை அந்த ஊர்க்காரர்களுக்கு இனிப்பு கொடுக்கிறது. எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, “அப்ப ஒரு லட்சத்துக்கும் லட்டு வாங்கிரலாமா?” என்று கேட்டார்கள். சிரித்தோம். ஆனால் அது ஒன்றும் மட்டமான யோசனை இல்லை.

பணத்தை இப்படிப் பிரித்தோம். மண்ணுக்கும் வேளார் கூலிக்கும் சூளைக்கும் என்று ஐந்து வருடத்துக்குச் சேர்த்து எழுபதாயிரம் ஒதுக்கி வங்கியில் போட்டாயிற்று. பேருந்து நிறுத்தச் சுவருக்கு இருபதாயிரம், பெயர்ப் படங்கள் மட்டும். பபூனுக்கு வருடம் ஐநூறு. மிச்சம் கைவசம். சிமென்ட் நாரைக்காரர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.

போன வாரம் வேளார் மாதிரிக்கு ஒரு பறவை சுட்டார். நத்தைக்குத்தியின் அலகு நடுவில் ஒட்டாது, சின்ன இடைவெளி இருக்கும். அதை ஈர்க்கால் அழகாகக் கீறித்தான் வைத்திருந்தார். காயும்போது மண் சரிந்து இடைவெளி மூடிக்கொண்டது. சூளையைப் பிரித்து எடுத்துப் பார்த்துவிட்டு, “கெட்டுப்போச்சு, வேற பண்ணித் தாரேன்” என்று ஓரமாக வைத்தார். கூட வந்திருந்த ஆறாம் வகுப்புப் பெண், போன தை மாதம் கூடு எண்ணிப் பார்த்தவள், குனிந்து பார்த்தாள்.

“கெடலை தாத்தா. இது குஞ்சு. குஞ்சுக்கு அலகு மூடித்தான் இருக்கும், பெரிசானாத்தான் தொறக்கும்.”

வேளார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஓரத்திலிருந்து எடுத்து, முந்தானை அளவு துணியில் சுற்றி அவளிடமே கொடுத்தார்.